எட்டப்பன் பெயர் வசையானது எப்படி? கட்டபொம்மு கதைப்பாடலைக் கேட்க ஒரு கைடு

ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல யாராவது உங்க ரகசியத்தைப் போட்டு உடைச்சா என்ன சொல்வீங்க? 'டேய் எட்டப்பா!' அவ்வளவுதான். விளக்கமே தேவையில்லை. இருநூறு வருஷம் தாண்டியும் இந்தப் பெயர் தமிழில் துரோகத்துக்கு மறுபெயராக நிற்கிறது.

இப்போ ஒரு கேள்வி. காட்டுக்குள் ஒளிந்திருந்த வீரபாண்டியக் கட்டபொம்மனைப் பிடித்து, வெள்ளைக்காரக் கம்பெனியிடம் ஒப்படைத்தது யார்? 'எட்டப்பன்தான், இதுல என்ன சந்தேகம்?' என்று பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வார்கள். ஆனால் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான்.

அப்புறம் ஏன் வசை மட்டும் எட்டயபுரத்துக்குப் போச்சு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், நீங்கள் ஒரு பாட்டுக்குள் போய் நிற்பீர்கள். கரிசல் காட்டில் கும்மியாகவும் கூத்தாகவும் தனிக்குரலாகவும் ஓடிக்கொண்டிருந்த கட்டபொம்மு கதைப்பாடல்தான் அது. அந்தப் பாட்டு என்ன, எங்கே பிறந்தது, அதை எப்படிக் கேட்பது, உங்க ஊரில் மிச்சமிருக்கும் இப்படிப்பட்ட பாட்டை உங்க போனில் எப்படிக் காப்பாற்றுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கதைப்பாடல்னா என்ன?

மியூசிக் ஆப்பில் 'பாலட்' என்று தேடினால் மெதுவாகப் போகும் காதல் பாட்டுகள் வரிசையாக வரும். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் வேறு: ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை பாடியே சொல்லும் நாட்டுப்பாட்டு. அமெரிக்க கன்ட்ரி இசையில் இன்றைக்கும் ஒருத்தர் கிட்டாரோடு உட்கார்ந்து, யாரோ ஒருவர் வாழ்ந்து கெட்ட கதையை நிதானமாகப் பாடினால் அதை பாலட் என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் இதற்குச் சரியான சொல் 'கதைப்பாடல்'.

நம்ம கதைப்பாடலுக்கு ஒரு சட்டகம் உண்டு. முதலில் காப்பு, அதாவது பிள்ளையாருக்கும் சரஸ்வதிக்கும் வணக்கம். அடுத்து, என்ன கதை பாடப்போகிறோம் என்ற அறிவிப்பு. பிறகு கதை. கடைசியில் வாழி: பாடினவர் வாழ, கேட்டவர் வாழ, ஊர் வாழ என்று முடியும். நடுவில் ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வரும். படைகள் அணிவகுப்பது, குதிரையை அலங்கரிப்பது, ஓலை எழுதி அனுப்புவது, கெட்ட கனவு காண்பது எல்லாம் எந்தக் கதைப்பாடலிலும் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் இருக்கும். காப்பி அடித்துவிட்டார்கள் என்று நினைக்காதீங்க. ராத்திரி முழுக்க மனப்பாடமாகப் பாடுகிறவருக்கு அந்த வரிகள்தான் மூச்சு வாங்கும் திண்ணை. அதைப் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த காட்சியை மனதில் கோத்துக்கொள்வார்.

பாடும் முறைகளும் பல. வில்லுப்பாட்டில் வில், வீசுகோல், குடம், உடுக்கை, ஜால்ரா என்று ஒரு குழுவே இருக்கும். முன்பாட்டுக்காரர் பாட, பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்கள். கும்மி என்றால் பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கைதட்டிப் பாடுவது. இது எதுவும் இல்லாமல், களை எடுக்கும்போதோ ஆடு மேய்க்கும்போதோ ஒரே ஒரு குரல் தனக்குத்தானே பாடிக்கொள்வதும் உண்டு. குழுவோடு பாடும்போது வீரம் தூக்கலாக இருக்கும். தனியாகப் பாடும்போது அதே கதை அசைபோடும் பாட்டாக மாறிவிடும். செத்தவனை நினைத்து, ஜெயித்தவன் என்ன கண்டான் என்று யோசித்து, நிறுத்தி நிறுத்திப் பாடுவார்கள்.

இரண்டு பாளையம், நடுவில் ஒரு ஊர்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போயிருக்கீங்களா? எட்டயபுரம் தாண்டினதும் இரண்டு பக்கமும் கறுப்பு மண். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மக்காச்சோளம் என்று மழையை நம்பி மட்டுமே விதைக்கும் மானாவாரி நிலம். மழை பெய்தால் காலில் அப்பிக்கொண்டு விடாது. வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த ரோட்டில் ஒரு பெயர்ப்பலகை வரும்: எப்போதும்வென்றான்.

பெயரே ஒரு பாட்டின் முதல் சொல் மாதிரி இருக்கு, இல்லையா? இந்த ஊர் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் இருக்கிறது. வடக்கே எட்டயபுரம், எட்டப்பரின் பாளையம். தெற்கே பாஞ்சாலங்குறிச்சி, கட்டபொம்மனின் பாளையம். இரண்டு பாளையத்துக்கும் நடுவில்தான் 'எப்போதும்வென்றான்' என்ற பெயரோடு இந்த ஊர் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்க. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய தூரம் அது. இரண்டு பாளையத்தாரும் தெலுங்கு பேசும் நாயக்கர்கள். இரண்டு பக்கமும் அதே கரிசல், அதே மழை. அவர்களுக்குள் இருந்தது பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்களின் எல்லைத் தகராறு. எந்தக் கிராமம் யாருக்கு, எந்த நிலத்தில் யார் வரி வாங்குவது என்ற சண்டை, கம்பெனி இந்தப் பக்கம் வருவதற்கு முன்னாலேயே புகைந்துகொண்டிருந்தது.

நடந்தது என்ன? தேதிவாரியாக

பாட்டைக் கேட்கும் முன் ஆவணங்கள் சொல்லும் கதையைச் சுருக்கமாகத் தெரிஞ்சுக்கோங்க. அப்போதுதான் பாட்டு எங்கே விலகுகிறது என்று பிடிபடும்.

1760: கட்டபொம்மன் பிறக்கிறார். 1790-ல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் ஆகிறார்.

1792: ஆற்காட்டு நவாபுடன் செய்த ஒப்பந்தத்தின்படி, பாளையக்காரர்களிடம் வரி வாங்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போகிறது.

1798 செப்டம்பர்: கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராக அலைக்கழித்துக் கடைசியில் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சந்திக்கிறார். பேச்சு முற்றிக் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்படுகிறார். கட்டபொம்மன் தப்பிவிடுகிறார், அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிக்கிக்கொள்கிறார். பிறகு நடந்த விசாரணைக்குப்பின் பிள்ளை விடுதலை. ஜாக்சனுக்குப் பதவி போகிறது.

1799 செப்டம்பர் 5: மேஜர் பானர்மேன் தலைமையில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீது தாக்குதல். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறுகிறார். எட்டயபுரம் படை கம்பெனிக்குத் துணையாக அவரைத் துரத்துகிறது. சிவசுப்பிரமணிய பிள்ளை மறுபடி பிடிபட்டு, நாகலாபுரத்தில் தூக்கிலிடப்படுகிறார்.

கட்டபொம்மன் புதுக்கோட்டைக் காடுகளில் ஒளிகிறார். அங்கே தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைக்கிறார்கள்.

1799 அக்டோபர் 16: கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன்னே ஒரு விசாரணை. அன்றே புளியமரத்தில் தூக்கு.

1801: பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த தம்பி ஊமைத்துரை பிப்ரவரியில் தப்பி வந்து, இடிந்த கோட்டையை மறுபடி எழுப்புகிறார். மே மாதம் கோட்டை விழுகிறது. நவம்பரில் அவரும் தூக்கிலேற்றப்படுகிறார். கோட்டையைத் தரைமட்டமாக்கிய கம்பெனி, பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே வரைபடத்தில் இல்லாமல் செய்தது.

இதில் எட்டப்பர் நிரபராதியா? அப்படிச் சொல்ல முடியாது. அவர் படை அனுப்பினார், துரத்தினார், கம்பெனி பக்கம் நின்றார். கயத்தாற்றில் தூக்குமேடைக்குப் போகும் முன் கட்டபொம்மன், தன்னைப் பிடிக்க ஓடியாடின எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தார் என்று பானர்மேனே தன் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். ஆனால் கையைப் பிடித்துக் கொடுத்தது வேறொருவர். கம்பெனி பக்கம் நின்ற பாளையங்களும் இன்னும் பல. வசை மட்டும் ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டது.

ஒரு பெயர் எப்படி ஒட்டியது?

முதலில் ஒரு விஷயம். 'எட்டப்பன்' ஒரு தனி ஆளின் பெயர் கிடையாது. எட்டயபுரம் பாளையக்காரர்கள் எல்லோருக்கும் வழிவழியாக வந்த பட்டம். முன்னோர் ஒருவர் சோமன் என்ற மல்லனை வீழ்த்திவிட்டு, அவனுடைய எட்டுத் தம்பிகளுக்கும் அப்பனாக இருந்து வளர்த்தார். அதனால் 'எட்டப்பன்' என்பது அந்த வம்சத்தின் கதை. அனாதையாக நின்ற எட்டுப் பேரைக் காப்பாற்றியதற்காகக் கிடைத்த பட்டம், துரோகத்தின் பெயராக மாறியது.

ஏன் என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, பக்கத்து வீடு. புதுக்கோட்டை தூரத்தில் இருக்கிறது. அந்த ராஜாவைக் கரிசல்காட்டு ஜனங்கள் பார்த்ததுகூட இல்லை. எட்டயபுரமோ சந்தைக்குப் போய் வரும் ஊர். ஊர்ப்பாட்டுக்குத் தெரிந்த எதிரி வேணும். தூரத்து எதிரியைவிடப் பங்காளி செய்த துரோகம்தான் பாட்டில் வலிக்கும். மகாபாரதத்திலிருந்து நம்ம தெருச்சண்டை வரை அதே கதைதானே?

இரண்டு, ஆதாயம். போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சியின் கிராமங்களில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்குப் போனது. நேற்றுவரை ஒருத்தருக்கு வரி கட்டின ஊர் இன்றைக்கு இன்னொருத்தருக்குக் கட்டணும். ஒவ்வொரு அறுவடையின்போதும் அந்தக் கசப்பு ஞாபகம் வரும்.

மூன்று, சினிமா. பாட்டும் கூத்துமாக இருந்த கதை, சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தில் மேடை நாடகமாகி, 1959-ல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் படமானது. சிவாஜி கட்டபொம்மன், வி.கே. ராமசாமி எட்டப்பன். 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கரிசல்காட்டில் மட்டும் இருந்த வசை, அந்தப் படத்தோடு தமிழ் பேசும் இடமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

எட்டயபுரத்துக்கு வேறு பெருமையே இல்லையா? நிறைய இருக்கு. பாரதி 1882-ல் பிறந்த ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்த ஊர். அவர் குடும்பத்து வாரிசான சுப்பராம தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய இசைநூலை ஸ்வரக் குறிப்புகளோடு 1904-ல் எட்டயபுரத்தில்தான் அச்சிட்டார். இன்றைக்கும் கர்நாடக இசை படிப்பவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஸ்வரம் எழுதிப் பாட்டைக் காப்பாற்றின ஊரின் பெயரை, யாரும் எழுதி வைக்காத பாட்டுகள் வேறு மாதிரி நிலைநிறுத்திவிட்டன. எழுத்துக்கு எவ்வளவு பலமோ, வாய்ப்பாட்டுக்கும் அவ்வளவு பலம் உண்டு.

கடல் தாண்டி இதே கதை: டாம் டூலி

இது நம்ம ஊருக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீங்க. அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் 1866-ல் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் கொல்லப்பட்டார். டாம் டூலா என்ற முன்னாள் படைவீரர் பக்கத்து மாநிலமான டென்னசிக்குத் தப்பினார். அங்கே ஜேம்ஸ் கிரேசன் என்பவரின் பண்ணையில் வேறு பெயரில் கொஞ்ச நாள் கூலிவேலை பார்த்தார். தேடி வந்தவர்களுக்கு அவரைப் பிடிக்க கிரேசன் உதவினார். 1868-ல் டாமுக்குத் தூக்கு.

மலைக்கிராமங்களில் இது பாட்டானது. டூலா என்ற பெயர் பேச்சில் 'டூலி' ஆனது. ஃபிராங்க் புரோஃபிட் என்ற பாடகர், குடும்பத்தில் கேட்டுக் கற்ற பாட்டை 1938-ல் ஒரு நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளருக்குப் பாடிக் காட்டினார். அது புத்தகத்தில் ஏறி, கைமாறி, 1958-ல் கிங்ஸ்டன் ட்ரியோ என்ற குழு பாடியபோது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கன்ட்ரி பிரிவுக்கான முதல் கிராமி விருதும் அதற்குத்தான். அந்த வெற்றிக்குப்பிறகு உலகம் பூரா கிரேசன் என்றால் காதலில் குறுக்கே வந்த வில்லன் என்ற கதை பரவிவிட்டது. அந்த மனிதருக்கும் லாராவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. எட்டப்பனுக்கு நடந்ததன் சின்ன வடிவம் இது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே மலைப்பகுதியில் பிறந்த, சின்ன வயதிலேயே பார்வை இழந்த டாக் வாட்சன், 1964-ல் வந்த தன் முதல் தனி ஆல்பத்தில் அதே டாம் டூலியைப் பாடினார். உலகம் கேட்ட மெட்டு அதில் இல்லை. அவர் குடும்பத்தில் பாடிவந்த வேறு வடிவம் அது. குழுவின் ஹிட் பாட்டு கதையை ஒரே வடிவத்தில் பூட்டி வைத்தது. ஊர்க்காரர் ஒருவரின் தனிக்குரல், 'இதுக்கு இன்னொரு விதமும் உண்டு' என்று காட்டியது.

இரண்டையும் போனில் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப்பாருங்க. ஹிட் ஆன வடிவத்துக்கும் ஊரில் கிடந்த வடிவத்துக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கே தெரியும். அந்தக் காதோடு கரிசலுக்கு வாங்க.

பாட்டில் யாருக்கு இடம்?

கட்டபொம்மன் கதையில் படம் மூலமாக நமக்குத் தெரிந்தவர்கள் வெள்ளையத்தேவனும் வெள்ளையம்மாளும். கெட்ட கனவு கண்ட மனைவி, போருக்குப் போகும் கணவனைத் தடுக்கும் இடம் கதைப்பாடல்களின் அச்சு அசலான மரபு. வீரம் பேசிக்கொண்டே வந்த பாட்டு, அந்த இடத்தில் மட்டும் நின்று போரின் விலையைக் கேட்கும்.

சுந்தரலிங்கத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரியைச் சேர்ந்தவர். கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர், உறவுக்காரப் பெண் வடிவுடன் சேர்ந்து வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கை அழித்து உயிரைவிட்டார் என்று அந்த வட்டாரமும் அவர் சமூகத்தாரும் சொல்லிவருகிறார்கள். 1959 படம் பார்த்தவர்களிடம் கேட்டால் அந்தப் பெயர் வராது. 1997-ல் விருதுநகரில் புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு 'வீரன் சுந்தரலிங்கம்' என்று பெயர் வைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, தென்மாவட்டங்களில் சாதி மோதல் வெடித்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. பட்டியல் சாதி வீரர் ஒருவரின் பெயர் பஸ்ஸில் ஓடுவதைப் பொறுக்காத ஊர்களும் இருந்தன என்பதுதான் இதன் பொருள்.

பாட்டில் யார் பெயர் வருது, யார் பெயர் விடுபடுது என்பது அதனால் சின்ன விஷயம் இல்லை.

ஏட்டில் ஏறிய பாட்டு

இந்தப் பாட்டெல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தது? பெரிய பங்கு நா. வானமாமலைக்கு. 1917-ல் நாங்குநேரியில் பிறந்தவர். 1967-ல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கி, 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழை நடத்தினார். ஆசிரியர்கள், மாணவர்கள், ஊர்க்காரர்கள் என்று பலரையும் பாட்டு சேகரிக்கப் பழக்கினார். விளாத்திகுளம் வட்டாரத்தில் எஸ்.எஸ். போத்தையா போன்றவர்கள் கரிசல் பாட்டுகளைத் தேடித் தொகுத்தார்கள். கட்டபொம்மு, கான்சாகிபு, முத்துப்பட்டன் கதைப்பாடல்களை வானமாமலை பதிப்பிக்க, 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் நூல்களாக வெளியிட்டது.

முத்துப்பட்டன் கதையில் அவர் காட்டிய ஒரு விஷயம் இங்கே முக்கியம். பிராமண இளைஞன் முத்துப்பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் உயிரை விடுகிறான். பின்னால் வந்த வடிவங்களில், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று ஒரு முன்கதை சேர்க்கப்பட்டது. சாதி தாண்டிய கல்யாணத்தை ஜீரணிக்க முடியாதவர்கள் பாட்டையே மாற்றிவிட்டார்கள். பல வடிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் இது தெரியவந்தது. ஒரே வடிவம் மட்டும் மிஞ்சியிருந்தால், மாற்றினதுதான் அசல் என்று நாமும் நம்பியிருப்போம்.

எப்படிக் கேட்பது?

அடுத்த முறை ஒரு கதைப்பாடலோ வில்லுப்பாட்டோ காதில் விழுந்தால் இந்த நாலு விஷயத்தைக் கவனியுங்க.

முதலாவது, யார் பாடுகிறார்? எந்த ஊர்? பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக்காரர் பாடுவதும் எட்டயபுரத்துக்காரர் பாடுவதும் ஒன்றாக இருக்காது.

இரண்டாவது, எந்த இடத்தில் வேகம் குறைகிறது? கனவு, பிரிவு, தூக்கு என்று பாடுகிறவர் நின்று நிதானிக்கும் இடத்தில்தான் பாட்டின் மனசு இருக்கிறது.

மூன்றாவது, யாரைத் திட்டுகிறது? திட்டப்படுகிறவர் உண்மையில் என்ன செய்தார் என்று தனியாகத் தேடிப் பாருங்க.

நாலாவது, யாரைப் பற்றிப் பேசவே இல்லை? பெண்கள், கூலிப்படையினர், கோட்டையைக் கட்டினவர்கள் எங்கே போனார்கள்?

உங்க போனில் ஒரு பாட்டு

உங்க ஊரில், தெருவில், வீட்டில் ஏதாவது ஒரு கதைப்பாட்டு தெரிந்த பெரியவங்க கண்டிப்பா இருப்பாங்க. முழுசா ஞாபகம் இல்லாவிட்டாலும் பாதியாவது இருக்கும். அந்தப் பாதியும் அவங்களோட போய்விடும். உங்க கையில் இருக்கும் போன் போதும். வானமாமலை காலத்தில் பலரும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து எழுதினார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

முதலில் கேட்டு அனுமதி வாங்குங்க. 'ஆத்தா, இதைப் பதிவு பண்ணட்டுமா? மத்தவங்களுக்குப் போட்டுக்காட்டலாமா?' இரண்டும் தனித்தனிக் கேள்வி. முதலாவதுக்குச் சரி சொன்னவங்க இரண்டாவதுக்கு வேண்டாம் என்று சொன்னால், போஸ்ட் பண்ணாதீங்க.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்க. ஃபேனை நிறுத்துங்க. ஒரு துண்டை மடித்து அதன்மேல் போனை வைத்து, பாடுகிறவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் வையுங்க. அரை நிமிஷம் சோதித்துப் பார்த்துவிட்டு ஆரம்பிங்க.

பதிவின் தொடக்கத்தில் உங்க குரலில் தேதி, ஊர், பாடுகிறவர் பெயர் சொல்லுங்க. பாட்டு முடிந்ததும் 'இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க? எப்போ பாடுவீங்க?' என்று கேளுங்க. பாட்டைவிட அந்தப் பதில்தான் சில நேரம் பெரிய புதையல்.

நடுவில் திருத்தாதீங்க. 'படத்துல வேற மாதிரி வருதே' என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. அவங்க உடனே படத்தில் வருகிற மாதிரி பாட ஆரம்பித்துவிடுவாங்க. ஞாபகம் வராத இடத்தைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்க.

ஒப்பாரி தெரிந்தவர்களிடம் கொஞ்சம் பக்குவமாகப் போங்க. விளக்கு வைத்த வீட்டுக்குள் ஒப்பாரி பாட மாட்டாங்க, அபசகுனம் என்பாங்க. காட்டுப்பக்கமோ கண்மாய்க்கரையிலோ உட்கார்ந்து கேட்டால் பாடலாம். அழுதால் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்க.

ரீல்ஸ் போட்டால் பாடினவர் பெயரையும் ஊரையும் முதலில் போடுங்க. பீட் சேர்ப்பதாக இருந்தால், சேர்க்காத அசல் பதிவு ஒன்றைத் தனியாகப் பத்திரப்படுத்துங்க. ஒரு சாதியை இழிவாகப் பேசும் வரி வந்தால், அதைப் பதிவில் வெட்டாதீங்க. அதே சமயம் விளக்கம் இல்லாமல் அந்தத் துண்டை மட்டும் பரப்பவும் செய்யாதீங்க. நிறையச் சேர்ந்துவிட்டால், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையை அணுகிப் பாருங்க.

நேரில் போனால்

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை இருக்கிறது. பக்கத்திலேயே ஜக்கம்மா கோயில். முயல் ஒன்று வேட்டைநாயைத் திருப்பி விரட்டியதைப் பார்த்துத்தான் அந்த மண்ணில் கோட்டை கட்டினார்கள் என்ற கதையை அங்கே யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். கயத்தாற்றில் தூக்கிலிட்ட இடத்தில் நினைவிடம். முதலில் அங்கே சிலை வைத்தவர் சிவாஜி. எட்டயபுரத்தில் பாரதி வீடு, மணிமண்டபம், உமறுப்புலவர் நினைவிடம், தீட்சிதர் நினைவிடம் நாலையும் ஒரே நாளில் பார்க்கலாம். கவர்னகிரியில் சுந்தரலிங்கத்துக்கு மணிமண்டபம் இருக்கிறது. புரட்டாசி மழைக்குப்பிறகு போங்க. கரிசல் பச்சையாக இருக்கும். திரும்பும்போது கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க மறக்காதீங்க.

எட்டயபுரத்தில் படிக்கும் ஒரு பிள்ளை வெளியூர் காலேஜில் சேர்ந்து 'எந்த ஊர்?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும், 'ஓ, எட்டப்பன் ஊரா!' என்ற சிரிப்பு இன்றைக்கும் வரத்தான் செய்யும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருநூறு வருஷப் பாட்டு இருக்கிறது. அதை யாராலும் அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு வடிவத்தை வைக்கலாம். உங்க பாட்டி பாடுவது அதில் ஒன்றாக இருக்கலாம். இந்த வாரம் ஊருக்குப் போனால் கேட்டுப் பாருங்க.